அண்மையில் ஒரு குன்று

மலை என்றவுடன் பலருடைய நெஞ்சம் இமயத்திற்கும் நீலகிரிக்கும் விரைந்து செல்கிறது. வானளாவ உயர்ந்தவையே ஏறத்தக்கவை என்பது பொதுவான எண்ணம். ஊருக்கு அண்மையில் உள்ள சிறு குன்றையோ மக்கள் வழிப்போக்கில் பார்த்துக் கடந்துவிடுகின்றனர். இது பெரும் பிழை. நெடுமலை ஏறுவோர்க்குக் கால்வலிமை வேண்டும்; சிறுகுன்று ஏறுவோர்க்குக் கண்கூர்மை வேண்டும். அத்தகைய கண்ணுடையோர்க்குச் சிறுகுன்றும் பெருஞ்செல்வம் காட்டும் என்பதற்குப் பனமலை தக்க சான்றாகும்.

விழுப்புரம் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் பனமலை அமைந்துள்ளது. வயல்களுக்கு நடுவே எழுந்த தாழ்ந்த பாறைக்குன்று அது. உச்சியில் உறையும் இறைவனுக்குத் தாளகிரீசுவரர் என்பது திருப்பெயர். தாலம் என்பது பனையையும் கிரி என்பது மலையையும் குறிக்கும் வடசொற்கள். ஆகவே, ஊரின் பெயரே இறைவன் பெயராகவும் விளங்குகிறது எனலாம்.

பாறை வெம்மை கொள்ளுமுன் காலையிலேயே குன்றேறுவது நன்று. சில மணித்துளிகளில் உச்சியை அடைந்துவிடலாம். எனினும் விரைவு வேண்டுவதில்லை. சற்றே நின்று திரும்பினால் அடிவாரத்து ஏரியும், அப்பால் வயல்களும் தோப்புகளும் ஒருங்கே தோன்றும். தரையில் நிற்பவன் தன் வயலை மட்டும் காண்கிறான். குன்றின்மேல் நிற்பவன் ஊர் முழுவதையும் காண்கிறான். மழையும் ஏரியும் உழவும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் உண்மையை அவன் ஒரே நோக்கில் உணர்ந்துகொள்கிறான்.

உச்சியில் நிற்கும் கற்கோயில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பல்லவ வேந்தன் இராசசிம்மன் எடுப்பித்தது. காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலைக் கட்டியவனும் அவனே. அவனுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னர், இதே மாவட்டத்து மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவை இன்றி முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து கோயில் அமைத்தான். பாறையைக் குடைந்த கலை, கல்மேல் கல் அடுக்கிக் கட்டும் கலையாக வளர்ந்த வரலாற்றை இவ்வட்டாரத்துச் சிறுகுன்றுகளே எடுத்துரைக்கின்றன.

பனமலைக் கோயிலில் யாவற்றினும் அரியது ஓர் ஓவியம். பக்கச் சிற்றறை ஒன்றின் சுவரில் உமையம்மை நிற்கிறாள். தலையில் மணிமுடி, மேலே குடை, ஒரு காலை மடக்கி, தலையைச் சற்றே சாய்த்து, இறைவனின் ஆடலைக் கண்டு நிற்கிறாள். அவள் முகத்தின் அமைதி காண்போரைப் பிணிக்கிறது. ஆனால் அவள் காணும் ஆடல் எங்கே? ஆடிய பெருமானின் உருவம் பெரிதும் அழிந்துவிட்டது. சில சுவடுகளே எஞ்சியுள்ளன. காண்பவள் இருக்கிறாள்; காட்சி இல்லை. இழந்த கலையை மீட்க எவராலும் இயலாது என்பதை இதனினும் தெளிவாகக் கூறும் பாடம் வேறில்லை.

வீடும் சாலையும் அமைக்கக் கல் வேண்டாவோ எனச் சிலர் வினவலாம். வேண்டும். ஆயினும் எக்குன்றை உடைப்பது, எக்குன்றைக் காப்பது என ஆராய்ந்து துணிதல் வேண்டும். உடைத்த குன்று மீண்டும் வளராது. பழைய சின்னங்களைக் காக்க 1958ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்போர்க்கு ஈராண்டு வரை சிறையோ, ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்க அச்சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது. ஆனால் ஒவ்வொரு குன்றின்மேலும் இரவும் பகலும் காவலரை நிறுத்த இயலுமோ? சுவரில் தன் பெயரைக் கீறுபவன் அழியாப் புகழை நாடுகிறான் போலும். அக்கோயிலைச் செதுக்கிய சிற்பியரோ தம் பெயரைத் தேடாது தம் பணியை விட்டுச் சென்றனர்.

புதுச்சேரியில் ஆசிரியராகப் பணிபுரிந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய், பல்லவர் கலையைத் தேடித் தமிழ்நாட்டுக் குன்றுகளையும் குகைகளையும் நாடிச் சென்றார். அவர் எழுதிய நூல்களால் உலகம் அக்கலையின் அருமையை உணர்ந்தது. கடல் கடந்து வந்தவர் கண்ட செல்வத்தை, அதன் அருகிலேயே பிறந்தோர் காணாதிருத்தல் தகுமோ?

ஆதலின், இளைஞர் விடுமுறை நாளொன்றில் தம் ஊருக்கு அண்மையில் உள்ள குன்றை ஏறிப் பார்த்தல் வேண்டும். ஏறுங்கால் கண் திறந்திருக்கட்டும். இறங்குங்கால் குன்று முன்போலவே இருக்கட்டும். ஏறிக் கண்டவனே அதன் அருமையை அறிவான். அருமையை அறிந்தவனே அதனைக் காப்பான்.