டொனா ரீட் காத்த கடிதங்கள்

அமெரிக்க நடிகை டொனா ரீட், 1953இல் வெளிவந்த 'ஃபிறம் ஹியர் ரு இற்றேர்னிற்றி' படத்தில் விடுதிப் பெண்ணாகத் தோன்றி ஒஸ்கார் பரிசு பெற்றார். ஆயினும் 1958 முதல் 1966 வரை தொலைக்காட்சியில் அவர் ஏற்ற இல்லத்தரசி வேடமே மக்கள் மனத்தில் நிலைத்தது. நமக்கோ இவ்விரண்டினும் மேலாகத் தோன்றுவது வேறொன்று. இரண்டாம் உலகப் போரின்போது களத்திலிருந்த இளைஞர் பலர் அவருக்குக் கடிதம் எழுதினர். அயோவா மாநிலத்துக் கமக்காரர் மகளாகிய அவரைத் தம் ஊர்ப் பெண்ணாகவே அவர்கள் எண்ணினர் போலும். அவற்றுள் முந்நூறுக்கு மேற்பட்டவற்றை அவர் பெட்டியொன்றிற் பத்திரப்படுத்தியிருந்தார். 1986இல் அவர் மறைந்த பின்னரே பிள்ளைகள் அவற்றைக் கண்டெடுத்தனர். 1967இல் தோன்றிய, வியட்னாம் போரை எதிர்த்த தாய்மார் இயக்கத்தில் அவர் முன்னின்று உழைத்தபோது, அக்கடிதங்களும் அவர் நெஞ்சில் இருந்திருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம்.