ஊதச் சொன்னால் ஊதிவிடுங்கள்!

2025 ஜூலையில் கேரளத்தின் பந்தளம் அரசுப் பேருந்துப் பணிமனையில் ஒரு வேடிக்கை நடந்தது. காலையில் பணிக்கு வந்த ஓட்டுநர்களை வழக்கம்போலக் கருவியில் ஊதச் சொன்னார்கள். குடிக்காதவர்களையும் குடித்தவர்கள் என்று அது காட்டியது. கடைசியில், ஊதித் தேறிய ஒருவருக்கு அங்கிருந்த பலாச்சுளையைக் கொடுத்து மறுபடி ஊத வைத்தார்கள். அவரும் மாட்டினார். குற்றவாளி, கனிந்து புளிக்கத் தொடங்கியிருந்த பலாப்பழம்!

உண்மை வெளியே வந்தது, மறுபடி ஊதிப் பார்த்ததால்தான். சனிக்கிழமை இரவு சென்னையிலோ மதுரையிலோ இரும்புத் தடுப்பு வைத்து நிறுத்தப்படுகிறவருக்கும் அதுதான் வழி. ஆனால் பலர் செய்வது நேர்மாறு. தடுப்பைத் தூரத்தில் பார்த்ததும் எதிர்த்திசையில் திருப்பி ஓடுகிறார்கள். இல்லையென்றால், "நான் யார் தெரியுமா?" என்று ஆரம்பிக்கிறார்கள். முதலாவது உயிருக்கு ஆபத்து. இரண்டாவதை இப்போது பக்கத்தில் நிற்பவரெல்லாம் செல்போனில் படம் பிடிக்கிறார்கள்.

"ஊத மறுத்துவிட்டால் ஆதாரமே இருக்காது" என்று ஒரு யோசனை நண்பர்கள் மத்தியில் உலவுகிறது. அதைச் சொல்லும் நண்பர் ஜாமீனுக்கு வரமாட்டார். குடித்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், சீருடையில் இருக்கும் போலீஸார் ஊதச் சொல்லலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 203-வது பிரிவு. மறுப்பவரை வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம். ஸ்டேஷனில் டாக்டரை வைத்து ரத்தம் எடுக்கவும் சொல்லலாம். மறுத்ததே பிறகு கோர்ட்டில் அவருக்கு எதிராக நிற்கும்.

வழக்கைத் தீர்மானிப்பது கருவி காட்டும் எண். 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் குற்றம். ஆகவே அந்த எண் சரியாக வரவேண்டும் என்பதில் போலீஸாரைவிட ஓட்டுபவருக்குத்தான் அக்கறை அதிகம் இருக்கவேண்டும். புதிய ஊதுகுழாய் கேட்கலாம். யாரோ வாய் வைத்ததில் ஊதவேண்டியதில்லை. சற்றுமுன் தசமூலாரிஷ்டமோ ஹோமியோபதிச் சொட்டு மருந்தோ சாப்பிட்டிருந்தால், வாய் கொப்பளிக்கும் மவுத்வாஷ் பயன்படுத்தியிருந்தால், ஊதுவதற்கு முன்பே சொல்லிவிடவேண்டும். இவற்றில் ஆல்கஹால் இருக்கலாம். ஆனால் அது வாயில் தங்குவது கால் மணி நேரம்தான். தண்ணீரால் கொப்பளித்து, 15 நிமிடம் கழித்து இன்னொரு முறை ஊத அனுமதி கேட்கலாம், பணிவாக. உண்மையில் குடித்தவருக்கு இந்தக் கால் மணி நேரம் உதவாது. அவருக்கு ஆல்கஹால் வருவது நுரையீரலிலிருந்து. ஏலக்காய், பீடா, கிராம்பு எல்லாம் மூக்கை ஏமாற்றும், கருவியை ஏமாற்றாது.

எண்ணும் நேரமும் அச்சான சீட்டைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்து. லைசென்ஸ், ஆர்.சி. டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும்.

எண் 30-ஐத் தாண்டிவிட்டதா? அதற்குமேல் சாலையில் பேசிப் பயனில்லை. இது கோர்ட்டுக்குப் போகிற வழக்கு. "இங்கேயே முடித்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் அது சட்டம் இல்லை. பணம் நீட்டினால் அது தனிக் குற்றம். முதல் முறை 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை 15,000, இரண்டு ஆண்டு வரை. லைசென்ஸை வாங்கிக்கொண்டால் ஒப்புகைச் சீட்டு தரவேண்டும். முதல் முறைக்கு அது மூன்று மாதம் முடக்கப்படலாம். ஆட்டோ, கால்டாக்ஸி ஓட்டுபவருக்கு அது மூன்று மாத அரிசி. கூட வந்தவர் குடிக்காதவர், லைசென்ஸ் உள்ளவர் என்றால் வண்டியை அவரிடம் ஒப்படைக்கக் கேட்டுப் பார்க்கலாம். வீட்டிலிருந்து ஒருவரை வரவழைக்கலாம். இல்லாவிட்டால் ஸ்டேஷனுக்குப் போகும் வண்டிக்கும் ரசீது கேட்டு வாங்கவேண்டும்.

கைதே செய்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டர் பரிசோதனை நடக்கவேண்டும். நடக்காவிட்டால் விட்டுவிடவேண்டும் என்கிறது 202-வது பிரிவு. பெண்ணுக்கு ஆண் டாக்டர் ரத்தம் எடுப்பதென்றால் இன்னொரு பெண் உடன் இருக்கவேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. குடித்துவிட்டு ஓட்ட உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனை என்கிறது 188-வது பிரிவு. கூட வருபவர் மீதும் வழக்கு என்று சென்னைப் போக்குவரத்து போலீஸார் 2022-ல் அறிவித்தார்கள். தடுத்துப் பார்த்துத் தோற்றுப்போய்ப் பின்னால் ஏறி உட்கார்ந்த மனைவியையும் ஊற்றிக் கொடுத்த நண்பரோடு சேர்த்து எண்ணினால் அது கொடுமைதான். ஆனாலும் அவர் ஏறாமல் ஒரு ஆட்டோவைக் கூப்பிடலாம்.

பலர் யோசிக்காதது மறுநாள் காலை. உடம்பு ஆல்கஹாலைக் கரைக்கும் வேகம் மணிக்குச் சுமார் 15 மில்லி கிராம். கறுப்புக் காபியோ எலுமிச்சைச் சாறோ அதை வேகப்படுத்தாது. நள்ளிரவு 12 மணிக்கு 150-ல் இருந்தவர் 30-க்கு இறங்கக் காலை எட்டு மணி ஆகும். ஏழரைக்குப் பிள்ளையைப் பள்ளியில் விட ஸ்கூட்டரை எடுக்கும்போது, நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்து, நெற்றியில் திருநீறும் பூசியிருப்பார். கருவியில் 37 காட்டும்.