புதிர்ப்போட்டியும் அடுப்பங்கரையும்

கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள்களில் நம் காஜாங் வட்டாரத்துக் கிறிஸ்தவ இல்லங்களில் அச்சுமுறுக்கு மணம் வீசும். புதிர்ப்போட்டிக்கு ஆயத்தமாகும் பிள்ளையோ வினாத்தாளுடன் தனியே அமர்ந்திருக்கும். அத்தாள் அடுப்பங்கரைக்குச் செல்ல வேண்டும் என்பதே எம் கருத்து.

1877ஆம் ஆண்டில் 22 இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்தமையையும், மரத்துக்குக் கேடின்றிப் பாலெடுக்கும் முறையை ரிட்லி வகுத்தமையையும் நம் மாணவர் தடையின்றி ஒப்பிப்பர். விடியுமுன்னரே பால்மரம் சீவுவது ஏன் என்று வினவினாலோ விழிப்பர். வெயில் ஏறினால் மரத்தினுள் அழுத்தம் குறையும். பால் வடிவதும் குறையும். தோட்டத்தில் உழைத்த பாட்டி இதனை நன்கறிவார். எழுத்தறியாதவர் என்றெண்ணி அவரிடம் நாம் எதுவும் கேட்பதில்லை. இது பெருங்குறை.

மற்றொன்றும் உண்டு. அக்காளுக்கு மாவுச்சட்டி, தம்பிக்கு வினாத்தாள் என்று பிரித்து வைக்கும் வீடுகள் இன்றும் உள. (அக்காளின் மதிப்பெண்ணே அங்குப் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும்!) பெற்றோரே, இருவரும் மாவு கரைக்கட்டும், இருவரும் விடை சொல்லட்டும், பாட்டி வினாத் தொடுக்கட்டும். அச்சின் மேல்விளிம்பும் மாவில் அமிழ்ந்துவிட்டால் முறுக்கு ஏன் கழன்று விழுவதில்லை என்பதே முதல் வினாவாகட்டும்.