சவரக்கத்தியைச் சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள்!



போகிக்குப் பரணைச் சுத்தம் செய்யும்போது, பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து தாத்தாவின் மடக்குச் சவரக்கத்தி வெளியே வரும். துரு ஏறியிருக்கும். விளிம்பில் ஓரிரு பல் விழுந்திருக்கும். உடனே வீட்டில் இரண்டு தீர்ப்புகள். "பழைய இரும்புக்குப் போடு" என்பார் ஒருவர். "சாணை பிடிப்பவரிடம் கொடுத்துக் கூராக்கு" என்பார் இன்னொருவர். முதல் தீர்ப்பைவிட இரண்டாவதுதான் மோசம் என்று சொல்லவே இந்தப் பதிவு.

அரிவாளுக்கும் அரிவாள்மணைக்கும் சாணைச் சக்கரம் சரி. சவரக்கத்திக்கு அது எமன். நல்ல சவரக்கத்தியின் இரு பக்கமும் உட்குழிவாகச் செதுக்கப்பட்டு, விளிம்பருகே காகிதம்போல் மெலிந்திருக்கும். எஃகைக் காய்ச்சி, தோய்த்து, மறுபடி சுமார் 200 டிகிரி செல்சியஸில் பதப்படுத்தி அந்தக் கடினத்தை வரவழைக்கிறார்கள். உலர்ந்த சக்கரத்தில் தீப்பொறி பறக்கையில், அந்த மெல்லிய விளிம்பு நொடியில் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். விளிம்பில் நீலம் பாய்ந்தால் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். பதம் போனால் போனதுதான். நண்பர் ஒருவரின் ஜெர்மானிய ஸோலிங்கன் கத்தி, ஒரு கடைச் சக்கரத்தில் ஐந்தே நிமிடத்தில் இப்படிப் போயிற்று. எழுபது வருஷத் துருவால் முடியாததை அந்த ஐந்து நிமிடம் செய்துவிட்டது. கூலியும் வாங்கிக்கொண்டார்கள்!

அலுவலகத்தில் ஒரு கோப்பை மூட "மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று எழுதுவோம். துருப்பிடித்த கத்தியின் மேல் அப்படி எழுதுவதற்குமுன் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எஃகில் விரிசல் இருந்தால் அது முகத்துக்கு ஆகாது. நினைவாக வைத்துக்கொள்ளலாம். வெறும் மேல்துரு என்றால் எண்ணெய் தடவி ஊறவிட்டு, கத்தியைப் பலகையில் படுக்கவைத்து, நைஸான வாட்டர் பேப்பரால் துடையுங்கள். விரல் விளிம்புப் பக்கம் போகக் கூடாது.

பிறகு கல். தட்டையான 1000 எண் தீட்டுக்கல்லை நனைத்து, கத்தியின் முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படும்படி வைத்து, விளிம்பு முன்னே போகுமாறு தள்ள வேண்டும். அழுத்தக் கூடாது. கோணத்தை நாம் அளக்க வேண்டியதில்லை. முதுகின் தடிப்பே அதைத் தீர்மானிக்கிறது. செய்தவன் அளவுகோலையும் கத்திக்குள்ளேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பல் மறைந்து, இரு பக்கச் சரிவும் ஒரே கோட்டில் சந்தித்தபின் 4000, 8000 என்று மெல்லிய கற்களுக்குப் போகலாம். கடைசியில் தோல்வார். அதில் மட்டும் முதுகு முன்னே போக வேண்டும். விளிம்பை முன்னே விட்டால் தோல் அறுபடும். பல் ஆழமாக விழுந்திருந்தால் ஒரு வாரத்து மாலைப்பொழுதுகள் போகும். ஓய்வூதியக்காரர்களான நமக்கு அது ஒரு செலவா?

"இதெல்லாம் நம்மால் ஆகுமா?" என்பவர்களுக்கு ஒரு பிரெஞ்சுக்காரரைக் காட்டுகிறேன். பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான், பொறுத்துக்கொள்ளுங்கள். ழான்-ழாக் பெர்ரே என்பவர் பாரிஸில் கத்தி செய்யும் தொழிலில் மாஸ்டர். தனக்குத் தானே சவரம் செய்துகொள்வது எப்படி என்று 1769-இல் ஒரு புத்தகமே போட்டார். எந்தக் கல்லில் தீட்டுவது, தோல்வாரை எப்படித் தயார் செய்வது என்பதெல்லாம் அதில் உண்டு. தொழில் ரகசியத்தைப் பூட்டி வைக்காமல், சாதாரண மனிதனால் கற்க முடியும் என்று நம்பினார். 250 வருஷத்துக்குமுன் அவர் நம்பியதை இன்று நாம் நம்பவில்லை!

நம் பங்கும் இதில் குறைந்ததல்ல. லண்டனில் மைக்கேல் ஃபாரடே, ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரரோடு சேர்ந்து 1820 வாக்கில் ஆராய்ந்தது நம் தென்னாட்டு ஊட்ஸ் எஃகைத்தான். தாம் உருவாக்கிய கலப்பு எஃகில் சவரக்கத்திகள் செய்வித்து நண்பர்களுக்குப் பரிசளித்தார் ஃபாரடே. உலகுக்கு எஃகு கொடுத்த நாம், கத்தியைப் பழைய இரும்புக்குப் போடுகிறோம்.

இந்த நிலைக்கு நம்மைப் பழக்கியது ஜில்லெட். 1904-இல் காப்புரிமை வாங்கிய அந்தச் சவரக்கருவியின் விளம்பரமே, கல்லும் வேண்டாம், தோல்வாரும் வேண்டாம் என்பதுதான். சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்று எறிந்தது ஒரு மெல்லிய தகடு. இன்று எறிவது பிளாஸ்டிக் கைப்பிடியோடு முழு ஷேவர். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. டீக்கப் அதில் இருக்கிறது, ஷேவர் இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கடையிலும் கோயிலிலும் ஆளுக்கொரு புது பிளேடு என்பதுதான் நியாயம். மஞ்சள் காமாலையில் சில வகைகளும் எச்.ஐ.வி.யும் ரத்தத்தால் பரவுபவை. திருத்தணியில் மொட்டை போடும்போது பழைய கத்தியைக் கேட்காதீர்கள். நான் பேசுவது ஒருவர் மட்டுமே பயன்படுத்தும் வீட்டுக் கத்தியைப் பற்றி.

ஆனால் பிளேடு வந்ததும் நாவிதர்களின் கைவித்தையும் போயிற்று என்பதை யாராவது நினைத்தோமா? அடைப்பத்தில் கல்லும் தோல்வாரும் வைத்திருந்தவர்கள் அவர்கள். வைத்தியமும் பார்த்தார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் நமக்குப் பிரசவம் பார்த்தார்கள். கழுத்தை நம்பிக் கொடுத்தோம். திண்ணையில் உட்காரச் சொல்லவில்லை. 2021-இல் அரசு கோயில்களில் மொட்டைக் கட்டணத்தை நீக்கி, அந்தப் பணியாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. நல்லது. அந்த வித்தைக்கு மரியாதை தர வேண்டியது அரசல்ல, நாம்.

எங்கள் பள்ளிப்பட்டானாலும், எல்லை தாண்டி நகரியானாலும், கத்தி தீட்டிய பெரியவர் யாராவது இருப்பார். பேரன் பேத்தியையும் கூட்டிக்கொண்டு கத்தியோடு போங்கள். "ஐயா, கற்றுக்கொடுங்கள்" என்று கேளுங்கள். நாற்காலி போட்டு அவரை உட்கார வையுங்கள். டியூஷனுக்குக் கொடுப்பதுபோல் பணமும் கொடுங்கள். சக்கரக்காரருக்குக் கொடுக்கும் காசைவிட அது கூடுதலாகத்தான் இருக்க வேண்டும்.