ஏழடிக்காரர் தேவை

‘உங்க திறமையில குறையே இல்ல சார். ஆனா எங்களுக்கு இப்ப வேண்டியது ஜி.எஸ்.டி. ஃபைல் பண்ற ஆள்!’

ஒரு கம்பெனியில் என்னை இப்படித்தான் வழியனுப்பினார்கள். பஸ் ஸ்டாப் வரை திட்டிக்கொண்டே வந்தேன். பிற்பாடு ஓர் அமெரிக்க பாஸ்கெட்பால் கதை தெரியவந்ததும் மனசு கொஞ்சம் ஆறியது.

அங்கே என்.பி.ஏ.யில் வருஷா வருஷம் ‘டிராஃப்ட்’ என்று ஒன்று நடக்கும். இளம் ஆட்டக்காரர்களை டீம்கள் வரிசையாகப் பொறுக்கிக்கொள்ளும். நிறையத் தோற்ற டீமுக்கு முன்வரிசை. (இந்தச் சலுகை ப்ளஸ் டூவில் இருந்திருந்தால் நான் இன்றைக்கு டாக்டர்.) 1984-ல் முதல் சான்ஸுக்குக் காசு சுண்டினார்கள். ஹூஸ்டன் ஜெயித்து, ஹக்கீம் ஒலாஜுவானை அள்ளிக்கொண்டது. அதில் யாருக்கும் தகராறில்லை.

அடுத்தது போர்ட்லண்ட். மிச்சமிருந்தவர்களில் சாம் பூயி ஏழடி ஓரங்குலம். கால் எலும்பு முறிந்து காலேஜில் இரண்டு சீசன் சும்மா உட்கார்ந்தவர். இன்னொரு பையன் ஆறடி ஆறங்குலம். பெயர் மைக்கேல் ஜோர்டன்.

சிரிக்காதீர்கள். போர்ட்லண்ட் ஆபீஸில் உட்கார்ந்து யோசியுங்கள். ஜோர்டன் ஆடுகிற இடத்தில் ஏற்கெனவே ஜிம் பாக்ஸன் இருக்கிறார். போதாததற்கு, 1983-ல்தான் கிளைட் டிரெக்ஸ்லரையும் எடுத்திருக்கிறார்கள். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. காலியாக இருப்பது கூடைக்குக் கீழே நிற்கும் நெட்டையன் வேலை. பி.காம். படித்த நானாக இருந்தாலும் பூயி பெயருக்கு நேரேதான் டிக் அடித்திருப்பேன்.

அடித்தார்கள். ஜோர்டன் மூன்றாவதாக சிகாகோவுக்குப் போய் ஆறு சாம்பியன்ஷிப் வாங்கினார். அதில் 1992 ஃபைனலில் எதிரே நின்று தோற்றது சாட்சாத் போர்ட்லண்ட்! பூயி அந்த டீமுக்காக ஆடியது மொத்தம் 139 மேட்ச். ஒரு சீசனுக்கே 82 உண்டு.

பட்டும் திருந்தவில்லை. 2007-ல் கெவின் டுரான்ட்டை விட்டுவிட்டு, ஏழடி கிரெக் ஓடனை முதல் ஆளாக எடுத்தார்கள். முழங்கால் படுத்த, என்.பி.ஏ. வாழ்க்கை மொத்தமே 105 மேட்ச்.

சரி, ஜோர்டனுக்காவது ஆளை எடைபோடத் தெரிந்ததா? 2001-ல் அவரே வாஷிங்டன் டீமின் நிர்வாகி. முதல் சான்ஸில் க்வாமே பிரவுன் என்ற நெட்டையனை எடுத்தார். பாவ் கசோல் மூன்றாவதாகப் போனார். யார் பெரிய ஆளானார் என்று சொல்லத் தேவையில்லை.

எனக்கு மறக்காதது பூயிதான். 2012-ல் வந்த ஒரு டாக்குமென்டரியில் மனுஷர் உண்மையைக் கக்கினார். எடுப்பதற்கு முன் போர்ட்லண்ட் டாக்டர்கள் சுத்தியலால் காலைத் தட்டி, வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லையென்றாராம். உள்ளே வலித்ததாம். வீட்டுக்குத் தேவை இருந்ததாம்.

அந்த இன்டர்வியூவில் என்னையும் கேட்டார்கள், ‘ராத்திரி ஒன்பது, பத்து வரைக்கும் உக்காரணும், முடியுமா?’

‘தாராளமா சார்!’

கழுத்துப் பட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருந்தேன்.