பூட்டிய கைப்பேசி குற்றச் சான்று அல்ல

ஒரு நிருபரின் வாயை அடைக்க இன்று அவரைக் கைது செய்ய வேண்டியதில்லை. அவருடைய கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டாலே போதும். அவர் எழுதியது, எழுதப் போவது, அவரை நம்பிப் பேசியவர்களின் பெயர், எண், குரல் எல்லாம் அதில் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் இது நடந்தே விட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானார். முதல் தகவல் அறிக்கை கசிந்து அவருடைய விவரங்கள் பரவின. அந்த அறிக்கையைப் பாதுகாத்திருக்க வேண்டிய பொறுப்பு அரசுத் துறைகளுடையது. ஆனால், விசாரித்த சிறப்புப் புலனாய்வுக் குழு செய்தியாளர்களை வரவழைத்து அவர்களுடைய கைப்பேசிகளைப் பறிமுதல் செய்தது. அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்படி 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

அதே பிப்ரவரியில் விகடன் இதழின் இணையதளத்தை மத்திய அரசு முடக்கியது. அமெரிக்க அதிபர் டிரம்ப் அருகில் பிரதமர் மோடி கைவிலங்குடன் அமர்ந்திருப்பதாக வந்த ஒரு கேலிச்சித்திரம்தான் காரணம். ஒரு படத்துக்காக ஒரு நிறுவனத்தின் தளம் முழுவதையும் வாசகர்கள் இழந்தார்கள். மார்ச் 6 அன்று உயர் நீதிமன்றம் முடக்கத்தை நீக்கச் சொன்னது. ஆனால் அந்தச் சித்திரத்தை விகடன் தற்காலிகமாக அகற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடுதான்.

ஆண்டு முடிவதற்குள் அரசின் கை நம் சட்டைப் பைக்கே வந்தது. இனி விற்பனைக்கு வரும் ஒவ்வொரு கைப்பேசியிலும் ‘சஞ்சார் சாத்தி’ செயலியை முன்கூட்டியே நிறுவ வேண்டும், அதன் செயல்பாட்டை முடக்கவோ குறைக்கவோ கூடாது என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28 தேதியிட்டு உற்பத்தியாளர்களுக்கு உத்தரவிட்டது. நாடாளுமன்றத்தில் விவாதம் இல்லை; மக்களிடம் கருத்துக் கேட்பு இல்லை. செய்தி வெளியாகி எதிர்ப்புக் கிளம்பியதும் டிசம்பர் 3 அன்று கட்டாயம் கைவிடப்பட்டது. திருட்டுக் கைப்பேசியைக் கண்டுபிடிக்க உதவும் செயலி என்பது உண்மைதான். வேண்டுபவர் நிறுவிக்கொள்ளட்டும். கட்டாயம் எதற்கு?

எதிர்ப்பு வென்றதே என்று ஆறுதல் கொள்ள முடியவில்லை. தன் கைப்பேசியைக் காத்துக்கொள்பவர் எதையோ மறைக்கிறார் என்ற எண்ணம் வேரூன்றி வருகிறது. அதற்கு நீர் ஊற்றுவதில் ஊடகங்களுக்கும் பங்கு உண்டு.

‘கிராபீன் ஓஎஸ்’ என்ற இயங்குதளம் கூகுளின் பிக்சல் கைப்பேசிகளில் நிறுவிக்கொள்ளக் கூடியது, இலவசமானது, அதன் மூல நிரலை எவரும் பார்க்கலாம். உளவு மென்பொருள் எளிதில் நுழைய முடியாதபடி கைப்பேசியை இறுக்குவதே அதன் வேலை. 2025 நவம்பரில் பிரான்ஸ் நாட்டுப் பத்திரிகைகளில் அது போதைப்பொருள் கடத்துவோரின் கருவி என்ற தொனியில் செய்திகள் வந்தன. அதைத் தொடர்ந்து, பிரான்ஸில் இருந்த தங்கள் சர்வர்களை வெளியேற்றுவதாக அந்தத் திட்டத்தினர் அறிவித்தார்கள்.

நம் ஊரிலும் கதை வேறல்ல. 2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல்கள் வந்தன. அனுப்பியவர், பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யும் ‘புரோட்டான் மெயில்’ என்ற மின்னஞ்சல் சேவையைப் பயன்படுத்தியிருந்தார். உடனே அந்தச் சேவையையே நாடு முழுவதும் முடக்கலாமா என்ற பேச்சு டெல்லி வரை போனது. மொட்டைக் கடிதம் வந்ததற்காக யாரும் தபால் நிலையத்தை இழுத்துப் பூட்டியதில்லை. மிரட்டியவரைத் தேடிப் பிடிப்பதுதான் காவல் துறையின் வேலை. ‘ரகசியச் செயலி மூலம்’ என்று தலைப்பிடும் பத்திரிகைகள், அதே செயலி வழியாகத்தான் தங்களுக்கும் தகவல் வருகிறது என்பதை மறந்துவிடுகின்றன.

இதெல்லாம் பெருநகரத்துப் பிரச்சினை என்று தருமபுரி வாசகர்கள் நினைக்க வேண்டாம். ரகசியம் காக்கப்படுவதன் அருமை இந்த மாவட்டத்துக்குத்தான் அதிகம் தெரியும். 1992 ஜூனில் வாச்சாத்தியில் வனத்துறையினரும் காவல் துறையினரும் வருவாய்த் துறையினரும் நுழைந்து நடத்திய கொடுமையில் 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். குற்றம் செய்தவர்களே அரசு ஊழியர்கள். அவர்கள் கண்ணில் படாமல்தான் உண்மை ஊரை விட்டு வெளியே வர வேண்டியிருந்தது. 2011இல் தருமபுரி நீதிமன்றம் 215 பேருக்குத் தண்டனை அளித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அத்தகைய வாக்குமூலம் இன்று வெளியே வருவதானால் ஒரு கைப்பேசி வழியாகத்தான் வரும். அந்தக் கைப்பேசியை முதலில் திறந்து பார்ப்பவர் குற்றம் சாட்டப்பட்ட துறையைச் சேர்ந்தவராக இருந்தால் வழக்கு என்னவாகும்?

கருவின் பாலினத்தைச் சட்டவிரோதமாகச் சொல்லும் கும்பல்கள் இந்த மாவட்டத்தில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. தகவல் கொடுத்தவர் யார் என்று வெளியே தெரிந்தால் அடுத்த தகவல் வராது. நாய்க்கன்கொட்டாய்ப் பகுதியில் 2012இல் மூன்று தலித் குடியிருப்புகள் எரிந்ததற்குப் பின்னணியில் ஒரு சாதி மறுப்புத் திருமணம் இருந்தது. அப்படிப்பட்ட ஓர் இணை எங்கே இருக்கிறது என்பது கசிவது, அவர்களின் உயிரோடு விளையாடுவதாகும். விலை உயர்ந்த கைப்பேசி வாங்க முடியாத இவர்களுக்குத்தான் பாதுகாப்பான கைப்பேசி அதிகம் தேவை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். செய்தியாளர்களின் சாதனங்களைப் பறிமுதல் செய்ய நெறிமுறை வகுக்குமாறு 2023 நவம்பரில் அதே நீதிமன்றம் மத்திய அரசிடம் கூறியது. ஆனாலும் கைப்பேசி ஒரு காவலரின் கைக்குப் போகும்போது அவரைக் கட்டுப்படுத்தும் தனிச் சட்டம் இல்லை.

தமிழ்நாடு அரசு டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நீதித்துறை நடுவரின் ஆணை இல்லாமல் செய்தியாளர், வழக்கறிஞர், சாட்சி ஆகியோரின் கைப்பேசியை எடுக்கக் கூடாது; எடுத்தால் எதைத் தேடுகிறோம் என்பதை எழுத்தில் தர வேண்டும்; வழக்குக்குத் தொடர்பில்லாததைத் திறக்கக் கூடாது என்று காவல் துறைக்குச் சுற்றறிக்கை அனுப்பட்டும். மத்திய அரசு, எந்தத் தளத்தை முடக்கினாலும் காரணத்தோடு ஆணையை வெளியிடட்டும். கடவுச்சொல் தர மறுத்ததையோ மறையாக்கச் செயலி வைத்திருந்ததையோ குற்றத்தின் அடையாளமாக எழுதும் வழக்கத்தைப் பத்திரிகைகள் இன்றே நிறுத்த வேண்டும். அடுத்த பறிமுதல் பட்டியலில் எழுதியவருடைய கைப்பேசியும் இருக்கக்கூடும்.