மூச்சு சொல்லும் வயிற்றின் கதை

பால் குடித்த சில மணி நேரத்தில் சிலருக்கு வயிறு உப்பிக்கொள்ளும், கடமுடா என்று சத்தம் போடும், பேதிகூட ஆகும். 'கேஸ்' என்று சொல்லி வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். ஆனால் உண்மையான காரணம் பாலா இல்லையா என்று அறிய ஊசி வேண்டாம், குழாய் வேண்டாம், வெறுமனே ஊதினால் போதும் என்றால் ஆச்சரியம்தானே!

இதன் பெயர் ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனை. மனித செல்கள் ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குவதில்லை. குடலில் வாழும் பாக்டீரியாக்கள்தான் உண்டாக்குகின்றன. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்க சிறுகுடலில் லாக்டேஸ் என்ற என்சைம் தேவை. அது குறைந்தால் சர்க்கரை செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்விடும். அங்கே பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைக்கும். அப்போது உண்டாகும் ஹைட்ரஜனில் ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து மூச்சோடு வெளியே வரும்.

பரிசோதனைக்கு வருபவர் இரவு முழுதும் பட்டினி இருக்க வேண்டும். காலையில் 25 கிராம் லாக்டோஸ் கலந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, சுமார் 3 மணி நேரம் விட்டுவிட்டு ஊத வேண்டும். ஹைட்ரஜன் அளவு, தொடக்கத்தில் இருந்ததைவிட பத்து லட்சத்தில் 20 பங்கு கூடினால் 'பாசிட்டிவ்'. வட அமெரிக்க நிபுணர்கள் 2017-ல் ஒப்புக்கொண்ட வரையறை இது.

சிக்கல் இதற்குப் பிறகுதான் ஆரம்பம். ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று பார்த்ததும் பால், தயிர், மோர் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிடுகிறார்கள். இது சரியா?

25 கிராம் லாக்டோஸ் என்பது ஏறக்குறைய அரை லிட்டர் பாலில் இருப்பது. அதையும் வெறும் வயிற்றில் ஒரே மூச்சில் குடிக்கிறார்கள். தினமும் அப்படிக் குடிப்பவர் யார்? லாக்டோஸ் செரிக்காதவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம், அதாவது ஒரு டம்ளர் பால் அளவுக்கு, பெரிய தொந்தரவு இல்லாமல் தாங்குவார்கள். தயிரில் லாக்டோஸ் இன்னும் குறைவு. மேலும், வாயு கூடியும் உபாதையே இல்லாதவர்கள் உண்டு. அவர்களுக்குச் செரிக்கவில்லை என்று மட்டும்தான் சொல்லலாம், ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றல்ல!

'நெகட்டிவ்' என்றாலும் முழுதாக நம்பிவிட முடியாது. சிலர் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் ஹைட்ரஜனை மீத்தேனாக மாற்றிவிடும். எனவே மீத்தேனையும் சேர்த்து அளக்க வேண்டும். சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தாலும் முடிவு தவறலாம்.

ஆகவே ஊதும் நேரத்தில் வலி, உப்புசம், பேதி எப்போது வந்தது என்பதையும் எழுதி வைக்காத பரிசோதனை பாதிப் பரிசோதனையே. கால்சியமும் புரதமும் தரும் ஓர் உணவை வாழ்நாள் முழுக்க ஒதுக்க, காகிதத்தில் உள்ள ஒரு எண் மட்டும் போதுமா? கருவி மூச்சை அளக்கட்டும். வயிறு சொல்வதையும் மருத்துவர் கேட்க வேண்டும்.